‘இல்லைன்னு நிரூபி’ என்று கேட்கலாமா? நம்பிக்கை வாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995 செப்டம்பர் 21. டெல்லியில் ஒரு கோயிலில் பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்று கிளம்பிய பேச்சு, அன்றைக்கே லண்டன் வரை போய்விட்டது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து ஊட்டிப் பார்த்தார்கள். கரண்டியில் குறைந்த பால் சிலையின் மேலேயே மெல்லிய படலமாக வழிந்து இறங்கியது. கரண்டியிலிருந்து பாலை இழுத்தது, திரவத்தின் மேற்பரப்பைத் தோல்போல இறுக்கிப் பிடிக்கும் பரப்பு இழுவிசை.

இந்த மாதிரி விவாதங்களில் முதலில் வரும் தவறு, “குடிக்கவில்லை என்று நீ நிரூபி” என்பது. ஒன்று நடந்தது என்று சொல்பவர்தான் அதற்கு ஆதாரம் தர வேண்டும். பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952இல் இப்படி எழுதினார்: பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, தொலைநோக்கிக்கும் தெரியாத அளவு சின்னதாக ஒரு தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்று நான் சொன்னால் உங்களால் மறுக்க முடியாது. மறுக்க முடியவில்லை என்பதற்காக அதை நம்பவும் வேண்டியதில்லை.

நாத்திகர்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு. பால் விஷயம் பொய்த்ததும், “ஆகவே கடவுளே இல்லை” என்று தாவிவிடுகிறார்கள். இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியைச் சோதனையில் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. அற்புதம் செய்வதாகச் சொன்னவர்களைச் சந்தேகிக்க இது வலுவான காரணம். கடவுள் உண்டா என்பது வேறு கேள்வி. “நம்பக் காரணம் கிடைக்கவில்லை” என்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. “நிச்சயமாக இல்லை” என்பவர் காரணம் காட்டித்தான் ஆக வேண்டும்.

ஆதாரம் கேட்பதே பக்திக்கு அவமரியாதை என்று நினைப்பதும் சரியில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூல்களின் சொல்) என்று எதையெல்லாம் ஆதாரமாகக் கொள்ளலாம் என்பதை முதலில் பேசிவிட்டுத்தான் இறைவனைப் பற்றிய வாதத்துக்கே வருகிறார். அந்த நேர்மை இன்றைய சண்டைகளில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம், எல்லாரிடமும் ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும் பாட்டி உங்களிடம் எதையும் ஏற்கச் சொல்லவில்லை. அவரை மடக்குவதில் என்ன இருக்கிறது? ஆனால் “இந்த விபூதி சர்க்கரை நோயைத் தீர்க்கும், இன்சுலினை நிறுத்து” என்று ஒருவர் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை பேருக்குக் குணமானது, குணமாகாதவர்கள் எத்தனை பேர், முன்னும் பின்னும் எடுத்த ரத்தப் பரிசோதனை எங்கே? பதில் வரும்வரை ஊசியை நிறுத்தாதீர்கள்.