சுகர் இருக்கிறதா? காதையும் ஒருமுறை பாருங்கள்

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்குக் கண், கால், சிறுநீரகம் எல்லாம் பார்க்கிறோம். காதை மட்டும் விட்டுவிடுகிறோம். சர்க்கரை கூடிக்கொண்டே போனால் உள்காதின் நுண்ணிய ரத்தக்குழாய்களும் நரம்பும் பாதிக்கப்படலாம். சர்க்கரை நோய், காது மந்தம் இரண்டுமே டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் அடங்கும் என்கிறது 2024இல் வந்த லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழுவின் அறிக்கை.

என் அம்மா குக்கர் விசிலை எண்ணத் தவறினார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் "ஆமா, ஆமா" என்றார். மறதி வந்துவிட்டது என்றே பயந்தோம். ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை எடுத்த பிறகுதான் தெரிந்தது, கீச்சென்ற ஒலிகள் அவருக்குக் கேட்கவே இல்லை. பாதி பேச்சை ஊகித்தே சமாளித்திருக்கிறார், பாவம். மூளைக்கு அது எவ்வளவு பெரிய வேலை!

அதனால் அடுத்த முறை ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பார்க்கப் போகும்போதே காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பாருங்கள். சில சமயம் வெறும் காதழுக்காகக்கூட இருக்கும்.

காது மெஷின் தந்தால் இரண்டே நாளில் கழற்றி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பழகச் சில வாரம் ஆகும். அமெரிக்காவில் 3 ஆண்டு நடந்து 2023இல் வெளியான, காது மெஷின் பற்றிய அச்சீவ் ஆய்வில் எல்லோருக்கும் பலன் தெரியவில்லை. ஆனால் அறிவுத்திறன் சரியும் ஆபத்து அதிகமிருந்த முதியவர்களிடம் அந்தச் சரிவு 48 சதவீதம் குறைந்தது.

அப்புறம், சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து போவதும் மூளைக்கு நல்லதல்ல. அப்படி நடந்தால் மாத்திரை அளவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் பேசும்போது டிவியை நிறுத்திவிட்டு, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.