பயாஸ் அப்டேட் செய்ததும் லினக்ஸில் வெளி மானிட்டர் தெரியவில்லையா?

லேப்டாப் திரை ஒழுங்காக வருகிறது; எச்டிஎம்ஐ-யில் செருகிய மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' காட்டுகிறது. பயாஸ் அப்டேட் வரை எல்லாம் சரியாக இருந்தது என்றால், புதுக் கேபிள் வாங்க ஓடாதீர்கள். முதலில் செக்யூர் பூட்டைப் பாருங்கள்; நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் ஓடவிடும் பயாஸ் பாதுகாப்பு அது. இங்கே சொல்வது உபுண்டுவும் என்விடியா சிப்பும் உள்ள லேப்டாப்புக்கு.

அப்டேட் முடிந்ததும் பல லேப்டாப்களில் பயாஸ் செட்டிங்ஸ் பழைய இயல்புநிலைக்குப் போய்விடும். அணைத்து வைத்திருந்த செக்யூர் பூட் மறுபடி ஆன் ஆகிவிடும். அதன்பின் கையொப்பம் செல்லாத டிரைவரை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றாது. இரட்டை கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்களில் உள்திரை இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பில் ஓடும். எச்டிஎம்ஐ போர்ட்டோ பெரும்பாலும் நேரே என்விடியா சிப்பில் இணைந்திருக்கும். அதனால்தான் ஒரு திரை மட்டும் போகிறது.

உறுதி செய்ய, டெர்மினலில் 'சூடோ மோட்ப்ரோப் என்விடியா' என்று கொடுங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் காரணம் இதுவேதான். எந்தச் செய்தியும் இல்லாமல் ஏறிவிட்டால் நேராக டைப்-சி பகுதிக்குப் போங்கள்.

செக்யூர் பூட்டை அணைத்தாலும் மானிட்டர் வரும். ஆனால் அடுத்த அப்டேட்டில் அது மறுபடி ஆன் ஆகலாம்; பக்கத்தில் விண்டோஸ் இருந்தால் அதன் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டு நிறுத்தலாம். டிரைவரில் கையொப்பமிட்ட சாவியை ('மோக்') செக்யூர் பூட் ஏற்கும்படி பதிவு செய்வதே நல்லது. 'சூடோ மோக்யூட்டில் --இம்போர்ட்' கட்டளையோடு, வார், லிப், ஷிம்-சைன்ட், மோக் என்ற ஃபோல்டர் வரிசைக்குள் இருக்கும் மோக்.டெர் ஃபைலின் முழுப் பாதையையும் கொடுங்கள். ஃபைல் பெயரில் முதல் மூன்று எழுத்துகள் கேபிட்டல். ஃபோல்டர் பெயரில் எல்லாமே சிறிய எழுத்து. ஒரு தற்காலிக பாஸ்வேர்டு கேட்கும். சிறிய எழுத்துகளும் எண்களும் மட்டும் வையுங்கள். அடுத்து வரும் திரையில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில் இருக்கும், சிறப்புக் குறிகள் இடம் மாறிவிடும்.

இப்போது ரீஸ்டார்ட். பலர் தவறவிடும் இடம் இதுதான். ஒரு நீலத் திரை 10 விநாடிதான் நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி, 'என்ரோல் மோக்', 'கன்டின்யூ', 'யெஸ்' என்று போய் பாஸ்வேர்டைக் கொடுங்கள். தட்டும் எழுத்து திரையில் தெரியாது. தவறவிட்டால் இம்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். டாக்கில் (ஒரே கேபிளில் பல போர்ட்டுகள் தரும் பெட்டி) செருகிய கீபோர்டு அந்தத் திரையில் வேலை செய்யாமல் போகலாம்; லேப்டாப் கீபோர்டையே பயன்படுத்துங்கள். முன்பே சாவி பதிவு செய்தவர்களுக்கும் இது பொருந்தும்: பயாஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் என்விராம் நினைவகத்தை அப்டேட் அழித்திருந்தால் அந்தச் சாவியும் சேர்ந்தே போயிருக்கும்.

டைப்-சி மானிட்டர், டாக்

இங்கே ரீஸ்டார்ட் போதாது. போர்ட்டைக் கவனிக்கும் கன்ட்ரோலருக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அதனால் அது பழைய நிலையிலேயே சிக்கியிருக்கலாம். லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரையும் டாக்கையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். டாக்கின் மின்கம்பியையும் சுவரிலிருந்து எடுங்கள். லேப்டாப் பூட் ஆனபின் டாக்கைச் செருகுங்கள்.

தண்டர்போல்ட் டாக் என்றால் 'போல்ட்சிடிஎல் லிஸ்ட்' பாருங்கள். நிலை 'கனெக்டட்' என்று மட்டும் இருந்து 'ஆத்தரைஸ்ட்' இல்லையென்றால், 'போல்ட்சிடிஎல் என்ரோல்' என்பதோடு அதில் காட்டும் யூயூஐடி-யை (டாக்கின் அடையாள எண்) சேர்த்துக் கொடுங்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால்தான் பயாஸைப் பழைய பதிப்புக்கு மாற்றும் 'எஃப்டபிள்யூஅப்டிஎம்ஜிஆர் டவுன்கிரேட்' கட்டளை. பழைய பதிப்புக்குத் திரும்புவதைச் சில லேப்டாப்கள் பயாஸிலேயே தடுத்திருக்கும். சார்ஜர் செருகியே செய்யுங்கள்.