மந்திரச் சங்கத்தின் வாசலில் நிறம்: இளையோர் ஃபேன்டஸி எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

இனவெறியைப் பற்றி ஃபேன்டஸி நாவல் எழுத உட்காருபவர்கள் பலரும் முதலில் மந்திரவாதிகளையே ஒடுக்கப்பட்ட இனமாக்கிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். விரலை அசைத்தால் தெருவே எரியும் என்றால் ஊரார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் மீது காட்டப்பட்ட பயத்துக்கு எந்த நியாயமும் கிடையாது, அது கட்டிவிட்ட பொய். உங்கள் கதை அந்தப் பொய்யை மெய்யாக்கிவிடும்.

நாயகி கறுப்பினப் பெண்ணாகவும் இருக்கட்டும், மந்திரம் தெரிந்தவளாகவும் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். உதாரணமாக, மந்திரவாதிகளின் இரகசியச் சங்கத்தின் வாசலில் இருக்கும் காவலர், மந்திரம் தெரிந்ததற்கு அடையாளமான உள்ளங்கைக் குறியை மட்டும் பார்த்து மற்ற பிள்ளைகளை உள்ளே விடுகிறார். இவளும் கையை நீட்டுகிறாள். குறியைப் பார்த்த பிறகும், "உன்னை யாரும்மா கூட்டிட்டு வந்தது?" என்கிறார். இதற்குப் பிறகு விளக்கப் பத்தி எதற்கு?

அடுத்தது வரலாறு. 1501 முதல் 1866 வரை சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். உங்கள் இரகசியச் சங்கம் அப்போது எங்கே இருந்தது? வாசகர் கட்டாயம் கேட்பார். லாபத்தில் பங்கு வாங்கியதா, பயந்து கதவைச் சாத்திக்கொண்டதா, மந்திரம் மண்ணோடு கட்டுண்டதால் கடல் தாண்டியதும் செத்துப்போனதா? முதல் வரைவுக்கு முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள். மூன்றாவதைத் தேர்ந்தால், கடலுக்கு அப்பால் பிறந்த பேத்திக்கு மந்திரம் எப்படி வந்தது என்பதே கதையின் முடிச்சாகிவிடும்.

"பழங்கால ஆப்பிரிக்க மந்திரம்" என்று எழுதுவதும் தவறு. எந்த ஊர், எந்த மக்கள்? தென்கிழக்கு நைஜீரியாவின் கிராஸ் ரிவர் பகுதியில் எக்பே என்ற சிறுத்தைச் சங்கம் உண்டு. படிநிலைகள் கொண்டது. அதன் ன்சிபிடி என்ற சித்திரக் குறிகளில் சில ஊருக்கே தெரியும், சில உறுப்பினர்களுக்கு மட்டும். அவுரியில் தோய்த்த உகாரா துணியில் அவற்றைக் காணலாம். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் வழியே இந்தச் சங்க மரபு கியூபா சென்று, 1836இல் ஹவானா துறைமுகத்தின் ரெக்லாவில் அபகுவா சங்கமாக வேர்விட்டது. இன்றும் உயிரோடிருக்கும் மரபு. ஆகவே வெளியாருக்குக் காட்டப்படுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: துணி, முகமூடி ஊர்வலம். உள்ளறைச் சடங்குகளை நீங்களே கற்பனை செய்து, வேறு பெயர் வையுங்கள்.

தோலை காப்பி, சாக்லேட் என்று வர்ணிக்காதீர்கள். அடிமைகள் உழைத்த தோட்டங்களின் விளைச்சல் அவை. வெள்ளைப் பாத்திரங்களின் நிறத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெள்ளையே இயல்பு என்றாகிவிடும்.

கடைசி அத்தியாயத்தில் ஒதுக்கப்பட்ட பெண் அரச வம்சத்து வாரிசு என்று தெரியவருவது எல்லாவற்றையும் கெடுக்கும். இரத்தம்தான் தகுதி என்று அவளை விரட்டியவர்கள் சொன்னதையே நாவலும் ஒப்புக்கொள்கிறது. அந்தத் திருப்பத்தை வெட்டிவிட்டு, சேர்க்கை விதியை அவள் மாற்றவோ அந்தச் சங்கத்தை விட்டு வெளியேறவோ விடுங்கள்.