மீட்டர் 24 காட்டுகிறது, ஈயம் ஏன் உருகவில்லை?

ஹீட்டர் உள்ளேயே அமைந்த டி12 பற்றவைப்பு முனை ஒன்று, அதற்கான சிறிய கட்டுப்பாட்டு போர்டு, பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய 24 வோல்ட் பவர் சப்ளை. இவை கையில் இருந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சால்டரிங் ஸ்டேஷன் தயாராகிவிடும். சுவிட்சைப் போட்டதும் திரை ஒளிர்கிறது, சூடும் ஏறுகிறது. ஆனால் தடித்த செம்புக் கம்பியில் முனையை வைத்தால் போதும், ஈயம் கூழாகி அப்படியே ஒட்டிக்கொள்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 24.1 வோல்ட். சப்ளையில் குறையில்லை, முனைதான் போலி என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டு முனைகளை மாற்றிப் பார்த்த பிறகுதான் நான் சப்ளையின் பக்கம் திரும்பினேன்.

சுமை இல்லாமல், அதாவது மின்னோட்டம் இழுக்கும் எதையும் மாட்டாமல், அளப்பதுதான் பெரிய தவறு. மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். டி12 முனையின் மின்தடையோ சுமார் 8 ஓம். 24 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். அதாவது 72 வாட். மின்னழுத்தம் குறைந்தால் வாட் அதைவிட வேகமாகச் சரியும். 18 வோல்ட்டில் 40 வாட்தான் கிடைக்கும், 12 வோல்ட்டில் வெறும் 18. ஆகவே வேலை செய்யும்போது எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதே கேள்வி.

முனை குளிர்ந்திருக்கும்போது ஸ்டேஷனை இயக்கி, முதல் சில நொடிகளுக்குள் அளந்துவிடுங்கள். குறித்த வெப்பத்தை எட்டிய பிறகு போர்டு மின்சாரத்தை விட்டுவிட்டுத்தான் தரும். அப்போது ஹீட்டர் பக்கம் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. சப்ளையின் முனையத்தில் ஒருமுறை, போர்டின் உள்ளீட்டில் ஒருமுறை, கைப்பிடி இணைப்பில் ஒருமுறை என்று மூன்று இடங்களில் பாருங்கள். என் ஸ்டேஷனில் சப்ளையில் 23.9 வோல்ட் இருந்தது, கைப்பிடியில் 20.6 மட்டுமே வந்தது. மீதி 3.3 வோல்ட்டை மெல்லிய கம்பியும் தளர்ந்துபோன டி.சி. ஜாக்கும் தின்றுகொண்டிருந்தன. ஜாக்கின் மேல் விரலை வைத்தபோது சுட்டது. மீட்டரை எடுப்பதற்கு முன்பே அந்த விரல் சோதனையைச் செய்திருக்கலாம். கம்பியை 0.75 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றி, ஜாக்கை நீக்கி நேரடியாகப் பற்றவைத்ததும் அதே முனை, அதே சப்ளையில் நன்றாக வேலை செய்தது.

சப்ளையைத் தனியாகச் சோதிக்க 8.2 ஓம், 100 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டரை ஒரு வெப்பத் தகட்டில் இறுக்கி மாட்டிப் பயன்படுத்துங்கள். லாரி ஹெட்லைட் பல்பும் உதவும். ஆனால் குளிர்ந்த இழை தொடக்கத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுப்பதால், நல்ல எஸ்எம்பிஎஸ்கூட (பிரிண்டரில் இருப்பது போன்ற ஸ்விட்சிங் பவர் சப்ளை) டிக் டிக் என்று நின்று நின்று எழக்கூடும். அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். டி12 முனையை மட்டும் போர்டு இல்லாமல் சப்ளையில் நேரடியாக மாட்டவே கூடாது. வெப்பத்தை அளந்து நிறுத்த ஆளில்லாமல் முனை சிவந்து பாழாகிவிடும்.

ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்துச் செய்பவர்கள் வேறு இடத்தில் வழுக்குகிறார்கள். 24 வோல்ட் ஏ.சி.யை டையோடு பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் கொண்டு டி.சி.யாக்கினால் கிடைப்பது 24 அல்ல, ஏறத்தாழ 32 வோல்ட். சுமை இல்லாதபோது, லைனில் 250 வோல்ட் வரும் இரவுகளில், அது 35-ஐயும் தாண்டும். அங்கே 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் தலை உப்பிவிடும்; 50 வோல்ட் போடுங்கள். மின்னழுத்தத்தை இறக்கித் தரும், 28 வோல்ட்தான் தாங்கும் எம்பி1584 மாட்யூலும் அங்கே உடனே போய்விடும். தவிர, 3 ஆம்பியர் ஏ.சி. என்று குறித்த ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து இப்படித் தொடர்ந்து எடுக்கக்கூடியது சுமார் 1.8 ஆம்பியர் டி.சி.தான். கை வைக்க முடியாமல் அது கொதித்தால் காரணம் இதுவே.

ஹீட்டர் எரியும்போதெல்லாம் திரை அணைந்து வந்தால், மைக்ரோகண்ட்ரோலருக்குப் போகும் 5 வோல்ட்டைப் பாருங்கள். 24-லிருந்து நேராக இறக்கும் 7805 ரெகுலேட்டர், 100 மில்லிஆம்பியருக்கே கிட்டத்தட்ட 2 வாட் சூட்டை உமிழ்கிறது. வெப்பத் தகடு இல்லையென்றால் தன்னைக் காத்துக்கொள்ள அதுவே நின்றுவிடும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான். கம்பி இழையைச் சுற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

எர்த் விஷயத்தில் யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது என்று வேண்டிக் கேட்கிறேன். எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ளீடு, வெளியீடு என்ற இரண்டு பக்கங்களுக்கும் இடையே உள்ள சிறிய கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் முனை வரை வரும். டெஸ்டர் மங்கலாக எரியும், புறங்கையில் சுரீர் என்று உறுத்தும், மீட்டர் நூறு வோல்ட்டைச் சுற்றிக் காட்டும். மின்னோட்டம் மிகக் குறைவுதான், ஆனால் நாம் பற்றவைக்கும் மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டரைக் கொல்ல அது போதும். மூன்று கம்பி வயரும் மூன்று பின் பிளக்கும் போட்டு, முனையை எர்த்துடன் இணையுங்கள். சுவரில் எர்த் இல்லை என்பதற்காக நியூட்ரலை எர்த் பின்னோடு சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கோ நியூட்ரல் அறுந்தாலோ, லைன் மாறி இருந்தாலோ, கையில் பிடித்திருக்கும் முனையில் முழு 230 வோல்ட் நிற்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால், பிளக்கை உருவிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களைக் காப்பிட்ட கிளிப்பால் பிடித்துச் சில நொடி வைத்திருந்து, மீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். பழுது பார்த்த சப்ளையை முதலில் 60 வாட் இழை பல்பு ஒன்றோடு சீரிஸில், சுமை இல்லாமல் இயக்குங்கள். பல்பு ஒருமுறை மின்னி அணைந்தால் அடுத்து நேரடியாகப் போடலாம். முழுதாக எரிந்தபடியே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது.