மாஸ்க் இல்லாமல் நீருக்கடியில் மூச்சுவிடவும் நீந்தவும் பழகுவது எப்படி?

காற்றுக் கலனுடன் நீரில் மூழ்கும் ஸ்கூபா அடிப்படைப் பயிற்சியில் பலரைத் தடுமாற வைக்கும் பாடம், கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கைக் கழற்றுவதுதான். ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழ் வழங்கும் பி.ஏ.டி.ஐ. (PADI) அமைப்பின் தொடக்கநிலை ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சியில், நீச்சல் குளத்திலோ அமைதியான ஆழமற்ற நீரிலோ, மாஸ்க் இல்லாமல் குறைந்தது 1 நிமிடம் ரெகுலேட்டரில் (கலனின் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மூச்சுவிட்டுக் காட்ட வேண்டும். பின்னர் 15 மீட்டர் தூரம் நீந்த வேண்டும். கடலில் முன்னே செல்பவரின் கால் துடுப்பு முகத்தில் பட்டு மாஸ்க் நழுவக்கூடும் என்பதால், இதைத் தேர்வுக்கான சடங்காகக் கருதாமல் நிதானமாகப் பழகிக்கொள்ளுங்கள்.

சிக்கல் கண்ணில் இருப்பதாகவே தொடக்கநிலையினர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது மூக்கில் இருக்கிறது. மூக்கில் நீர் பட்டவுடன் மூச்சை அடக்கிக்கொள்வது உடலின் இயல்பு. வாயால் இழுக்கும்போது மூக்கும் சேர்ந்து இழுத்துவிட்டால் நீர் தொண்டைக்குள் இறங்கிவிடும். இரண்டு வழிகளையும் பிரிக்கும் கதவு, வாயின் மேற்புறத்தில் பின்பக்கம் உள்ள மெல்லண்ணம். உதடுகளை மூடி ‘ம்’ என்று இழுத்து ஒலித்தால் காற்று மூக்கு வழியே போகும். ‘ப்’ என்று சொல்லத் தொடங்கிக் கன்னத்தை உப்பினால் மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கை அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டு நிலைகளையும் கரையிலேயே சில முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தால், எந்தத் தசையைப் பழக்குகிறோம் என்பது தெளிவாகப் புரியும்.

முதற்படியை வீட்டிலேயே தொடங்கலாம். அகலமான வாளியில் நீர் நிரப்பி, அருகில் ஒருவரை இருக்கச் சொல்லி, ஸ்நோர்கெல் என்னும் மூச்சுவிடும் குழாயை வாயில் வைத்துக்கொண்டு மூக்கு நனையும்படி முகத்தை நீரில் வையுங்கள். வாயால் மெதுவாக இழுத்து, வாயாலேயே விடுங்கள். அது எளிதான பிறகு, விடும் மூச்சில் ஒரு சிறு பகுதியை மட்டும் மூக்கு வழியே குமிழிகளாக விடப் பழகுங்கள். குளத்தில் செலவிடும் நேரத்தைவிட இந்த வாளிப் பயிற்சியே அதிகம் கைகொடுக்கும் என்பது என் உறுதியான கருத்து.

குளத்தில் பயிற்றுநருடன் முழங்காலிட்டு அமர்ந்ததும், மாஸ்க்கை ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். அதன் மேல்விளிம்பைச் சற்றே விலக்கி, முதலில் மூக்கின் அடிவரை, பிறகு கண்வரை, பிறகு முழுவதும் நீரை நிரப்பி, ஒவ்வொரு நிலையிலும் நான்கைந்து முறை மூச்சுவிடுங்கள். முழுவதும் நிரம்பிய மாஸ்க்குடன் அமைதியாக இருக்க முடிந்தால், கழற்றிய பின் புதிதாக ஒன்றும் நேராது. கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருப்போர் கண்களை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையும், பயிற்றுநரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கழற்றிய மாஸ்க்கின் பட்டையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். தலையைச் சற்றுத் தாழ்த்தியே வைத்திருங்கள். அப்போது மூக்குத் துளைகளில் கொஞ்சம் காற்று தங்கி நீரைத் தடுக்கும். அண்ணாந்தால் அந்தக் காற்று வெளியேறி நீர் உள்ளே புகுந்துவிடும். ரெகுலேட்டரிலிருந்து எழும் குமிழிகள் முகத்தில் உரசினால் தலையை ஒரு பக்கமாகச் சாயுங்கள். தொண்டையில் நீர் இறங்கினாலும் ரெகுலேட்டரைத் துப்பிவிடாமல், கையால் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே இருமலாம், விழுங்கலாம். பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான் உண்மையான ஆபத்து. 2 மீட்டர் ஆழத்திலிருந்து எழும்போதே நுரையீரலில் அடைபட்ட காற்று ஏறத்தாழ 20 விழுக்காடு விரிய முயலும். நிறைந்த நுரையீரலைக் காயப்படுத்த அது போதும்.

கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகவே தெரியும். காற்றிலிருந்து கண்ணின் முன்புற ஒளிபுகு படலமான கார்னியாவுக்குள் நுழையும்போது ஒளி வலுவாக வளைகிறது. கண்ணின் ஒளிவிலக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் கிடைக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் கார்னியாவின் எண்ணுக்கு மிக நெருக்கமானது என்பதால், நீருக்குள் அந்த ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் போய்விடுகிறது. இருந்தாலும் குளத்தின் தரைக்கோடு, உடன் வருபவரின் துடுப்பின் நிறம் ஆகியவை புலப்படும். நீந்த அவை போதுமானவை.

ஒரு நிமிடம் நிதானமாகக் கழிந்தால் நீந்தத் தொடங்கலாம். உடல் கிடைமட்டமாகும்போது முகம் தானாகவே கீழ்நோக்குவதால், முழங்காலிட்டு இருந்ததைவிட இது எளிதாக இருப்பதைப் பலர் உணர்கிறார்கள். ஒரு கையை முன்னே நீட்டி, மறு கையால் துணைவரின் கையைப் பற்றிக்கொண்டு, துடுப்பை மெதுவாக அசையுங்கள். தூரத்தை எண்ணாமல் மூச்சை எண்ணுங்கள்.

மறுபடி அணியும்போது, மூக்குப் பகுதி கீழே இருப்பதை விரலால் தடவி உறுதிசெய்து, நெற்றியில் விழுந்த முடியை முழுவதும் ஒதுக்குங்கள். ரப்பர் விளிம்பின் அடியில் ஒரு முடிக்கற்றை சிக்கினாலும் நீர் கசியும். பட்டையைத் தலையின் பின்புறம் சரிசெய்தபின், மேல்சட்டத்தை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் சீராக ஊதத் தொடங்கி, ஊதிக்கொண்டே முகத்தை மெல்ல உயர்த்துங்கள். நீர் அடிவிளிம்பு வழியே வெளியேறும்.

கடலில் மாஸ்க் உண்மையிலேயே தொலைந்துவிட்டால், துணைவரின் கையைப் பற்றி அழுத்தி முகத்தைச் சுட்டிக்காட்டுங்கள். ஆழமானியை அவரே பார்த்துக்கொண்டு, நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாத வேகத்தில் உங்களை மேலே அழைத்துவர வேண்டும். முதல் முறை கடலில் இறங்குமுன், இந்தச் சைகையை இருவரும் படகிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.