துணையோடு போட்ட லீஸ், உங்கள் பெயரில் எவிக்‌ஷன் பதிவு: கலிபோர்னியாவில் அதை நீக்குவது எப்படி

இருவரும் சேர்ந்து லீஸில் கையெழுத்துப் போட்டீர்கள். பிரிந்தபோது நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள். அங்கேயே தங்கியவர் வாடகை கட்டவில்லை. வீட்டைக் காலி செய்ய வைக்க வீட்டுக்காரர் வழக்குப் போட்டார் (இதைத்தான் எவிக்‌ஷன் என்கிறார்கள்), லீஸில் உங்கள் பெயரும் இருந்ததால் வழக்கிலும் ஏறிவிட்டது. பிறகு நீங்கள் புது வீடு தேடிப் போனால், "உங்கள் பெயரில் எவிக்‌ஷன் இருக்கிறது" என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு நடந்தது இதுதான். இன்று அந்தப் பதிவு என் பெயரில் இல்லை. அதை நீக்கிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். இது கலிபோர்னியா சட்டத்தை ஒட்டியது. வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஸ்க்ரீனிங் ரிப்போர்ட் (விண்ணப்பிப்பவரைப் பற்றி வீட்டுக்காரர்கள் வாங்கிப் பார்க்கும் அறிக்கை) பற்றிய பகுதி பொருந்தும், கோர்ட் பகுதி பொருந்தாது.

"நான்தான் அங்கே இல்லையே, நான் எப்படிப் பொறுப்பு?" என்று வாதாடிப் பயனில்லை. கூட்டு லீஸில் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு. பாதிப் பாதி என்பது உங்கள் இருவருக்குள் உள்ள ஏற்பாடு, அது வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. எழுத்துமூலம் அவர் உங்களை லீஸிலிருந்து விடுவிக்காதவரை, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாலும் பொறுப்பு தொடரும்.

முதல் படி: எந்த ரிப்போர்ட் என்று கண்டுபிடியுங்கள்

ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து உங்களை மறுத்தால், அதைக் கொடுத்த நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு வீட்டுக்காரர் உங்களுக்குத் தகவல் தர வேண்டும். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற கூட்டாட்சிச் சட்டம் சொல்வது இது. அந்தத் தகவல் வந்த 60 நாட்களுக்குள் கேட்டால் ரிப்போர்ட் நகல் இலவசம். வாயால் "அப்ரூவ் ஆகவில்லை" என்று மட்டும் சொன்னால் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

பலரும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். 2017 ஜூலையிலிருந்தே மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் சிவில் தீர்ப்புகளைத் தங்கள் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டன. எவிக்‌ஷன் பதிவு இருப்பது வாடகைதாரர் ஸ்க்ரீனிங் ரிப்போர்ட்டில். வாடகைப் பாக்கி கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போயிருந்தால் மட்டும் அந்தக் கடன் கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியும்.

ஆக, ஒரே விஷயம் மூன்று இடங்களில் இருக்கலாம்: கோர்ட் கோப்பு, ஸ்க்ரீனிங் ரிப்போர்ட், கலெக்‌ஷன். முதலில் கோர்ட்டைச் சரிசெய்யுங்கள். கோர்ட்டில் தீர்ப்பு அப்படியே நிற்கும்போது ஸ்க்ரீனிங் நிறுவனத்தோடு சண்டை போட்டால், "சரிபார்த்துவிட்டோம், பதிவு சரிதான்" என்று ஒரு வரியில் பதில் வரும்.

இரண்டாம் படி: கோர்ட் கோப்பு

வீடு இருந்த கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்டில், சிவில் கிளார்க் கவுன்ட்டருக்கு அடையாள அட்டையோடு நேரில் போங்கள். இணையத்தில் தேடினால் ஒன்றும் வராமல் போகலாம், ஏனென்றால் அன்லாஃபுல் டிடெய்னர் (எவிக்‌ஷன் வழக்கின் சட்டப் பெயர்) வழக்குகள் தொடக்கத்தில் பொதுமக்கள் பார்வைக்கு மூடப்பட்டிருக்கும். நீங்கள் பிரதிவாதி என்பதால் உங்களுக்குக் காட்டுவார்கள். புகார் மனு, தீர்ப்பு, சம்மன் சேர்ப்பித்ததற்கான சான்று ஆகிய மூன்றுக்கும் நகல் எடுங்கள்.

சம்மன் சான்றை வரி வரியாகப் படியுங்கள். எந்த முகவரி, எந்தத் தேதி, யார் கையில் கொடுத்தார்கள்? நீங்கள் காலி செய்துவிட்டு வந்த பழைய வீட்டில், உங்கள் முன்னாள் துணையிடம் கொடுத்துவிட்டு உங்களுக்கும் சேர்த்ததாக எழுதியிருந்தால், உங்கள் வழக்கின் உயிர்நாடி அதுதான்.

மூன்றாம் படி: தீர்ப்பை ரத்து செய்வது

இதைப் பொறுமையாகப் படியுங்கள். அதிகம் குழப்புவது இந்த இடம்தான்.

நீங்கள் பதில் தாக்கல் செய்யாததால் வந்த டீஃபால்ட் தீர்ப்பை ரத்து செய்ய சிவில் நடைமுறைச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. 473(பி): தவறுதல், எதிர்பாராத நிலை போன்ற காரணங்களுக்கு, அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள். 473.5: வழக்கு நடந்ததே உங்களுக்கு நேரடியாகத் தெரியவரவில்லை என்றால். இதன் கெடு, தீர்ப்பு பதிவான நாளிலிருந்து இரண்டு ஆண்டு, அல்லது டீஃபால்ட் பற்றிய எழுத்துமூல அறிவிப்பு உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 180 நாள், இவற்றில் எது முதலில் முடிகிறதோ அது. பிரிந்து போனவர்களுக்கு இந்த 473.5 தான் பெரும்பாலும் பொருந்தும்.

மோஷனோடு (தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு கோர்ட்டில் போடும் மனு), வழக்குக்கு நீங்கள் தாக்கல் செய்ய விரும்பும் பதிலையும் இணைக்க வேண்டும். அதற்கு யுடி-105 படிவம். இது இல்லாமல் போனால் மோஷன் நிற்காது. ஆதாரமாகப் புது வீட்டு லீஸ், தபால் துறையின் முகவரி மாற்ற உறுதி, புது முகவரிக்கு வந்த மின் கட்டண பில் ஆகியவற்றை வையுங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு எஃப்டபிள்யூ-001 படிவம் உண்டு.

வீட்டுக்காரர் வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று என்று இரண்டு தீர்ப்புகள் தனித்தனியாக இருக்கலாம். ரத்து உத்தரவில் இரண்டும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மோஷன் போட்டதும் வீட்டுக்காரரின் வக்கீல் பேச வருவார். பேச்சு பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான் இருக்கும். இங்கே என் கருத்து உறுதியானது: கையெழுத்துக்கு முன் பணம் கொடுக்காதீர்கள். பாக்கியை முழுவதும் கட்டினால் தீர்ப்பு "நிறைவேற்றப்பட்டது" என்று மட்டும்தான் பதிவாகும். எவிக்‌ஷன் பதிவு அப்படியே இருக்கும். உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம் அந்தப் பணம். அதற்கு ஈடாக நான்கு விஷயங்கள் ஒப்பந்தத்தில் வேண்டும்: தீர்ப்பு ரத்து, உங்கள் மீதான வழக்கு தள்ளுபடி, ஆவணத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மூட இரு தரப்பு சம்மதம், கலெக்‌ஷனிலிருந்து கடனைத் திரும்பப் பெறுதல். இரு தரப்பும் சம்மதித்தால் ஆவணத்தை மூட கோர்ட் உத்தரவிட முடியும்.

சம்மதம் கிடைக்காவிட்டாலும் மோஷன் வீண் இல்லை. வழக்கு தாக்கலாகி 60 நாட்களுக்குள் வீட்டுக்காரர் ஜெயித்தால்தான் ஆவணம் பொதுவில் வரும் என்பது 2017 முதல் இங்கே விதி. டீஃபால்ட் அந்த 60 நாள் கடந்தபின் ரத்தானால், ரத்தான தேதியில்தான் வழக்கு தாக்கலானதுபோலக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

படிவம் நிரப்ப ஆன்லைன் சேவைகள் பணம் கேட்கும். வேண்டாம். கோர்ட்டின் செல்ஃப் ஹெல்ப் சென்டர் இலவசம், அவர்களுக்கு உள்ளூர் நடைமுறை தெரியும். காலையிலேயே போய்விடுங்கள்.

நான்காம் படி: ஸ்க்ரீனிங் நிறுவனத்துக்கு டிஸ்ப்யூட்

கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலோடு, பதிவு தவறு என்று மறுக்கும் கடிதம் அனுப்புங்கள். இணையப் படிவத்தைவிட, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வரும் சர்ட்டிஃபைட் மெயில்தான் எனக்குப் பிடித்தது. கடிதம் சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரிக்க வேண்டும், ரசீதுதான் அந்தத் தேதிக்குச் சாட்சி. வீட்டுக்காரர் ஜெயிக்காத எவிக்‌ஷன் வழக்கை ரிப்போர்ட்டில் போடக் கூடாது என்பது கலிபோர்னியா சட்டம். அதைக் கடிதத்தில் எழுதுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் சி.எஃப்.பி.பி. என்ற கூட்டாட்சி நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பில் புகார் செய்யலாம். மூடப்பட்ட எவிக்‌ஷன் பதிவுகளையும் ரிப்போர்ட்டில் சேர்த்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக டிரான்ஸ்யூனியனின் வாடகை ஸ்க்ரீனிங் பிரிவின் மீது கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யும் சி.எஃப்.பி.பி.யும் நடவடிக்கை எடுத்து, 2023 அக்டோபரில் 1.5 கோடி டாலருக்கு அது முடிந்தது. அதனால் "கோர்ட் மூடிவிட்டது, தானாகப் போய்விடும்" என்று காத்திருக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: இந்தப் பதிவைப் படித்த ஒருவர், தான் போகாத ஊரில் நடந்த எவிக்‌ஷன் தன் ரிப்போர்ட்டில் இருப்பதாக எழுதினார். நம் பெயர்களில் இது நடக்கக்கூடியதே. அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்து, முதல் பெயரை ஒரே எழுத்தாகச் சுருக்கிவிட்டால், அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஆள் போல ஆகிவிடுவார்கள். கோர்ட் ஆவணங்களில் பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயர், பழைய முகவரிகள் எல்லாவற்றையும் டிஸ்ப்யூட் கடிதத்தில் கொடுங்கள். இவர்களுக்குக் கோர்ட் மோஷன் தேவையில்லை, நேராக நான்காம் படிக்குப் போகலாம்.

பின்சேர்க்கை 2: வழக்கு இப்போதுதான் வந்திருக்கிறது என்பவர்களுக்கு ஒரே வேலை, பதில் தாக்கல். 2025 ஜனவரி முதல் அதற்கு 10 கோர்ட் நாட்கள் உண்டு. முன்பு ஐந்துதான்.

பின்சேர்க்கை 3: அடி, மிரட்டலுக்குப் பயந்து வீட்டை விட்டு வந்த ஒரு சகோதரி கேட்டிருந்தார். சிவில் கோட் 1946.7 உங்களுக்கானது. பாதுகாப்பு உத்தரவு, போலீஸ் அறிக்கை அல்லது ஆலோசகர் போன்றவரின் சான்று இவற்றில் ஒன்றை இணைத்து எழுத்துமூலம் அறிவித்தால், 14 நாட்களுக்குப் பிறகான வாடகைக்கு நீங்கள் பொறுப்பில்லை. உத்தரவு அல்லது அறிக்கையின் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். முன்னாள் துணைக்காக நீங்கள் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட் போதும், தனிநபருக்கு 12,500 டாலர் வரை அங்கே வழக்குப் போடலாம்.