வேறு மாநிலக் கடையில் ஆன்லைனில் வாங்கும்போது சேல்ஸ் டாக்ஸ் கணக்குப் பார்ப்பது எப்படி?

ஊரில் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி.யிலேயே வரி அடங்கிவிடும். அமெரிக்காவில் அப்படி இல்லை. திரையில் 200 டாலர் என்று இருக்கும், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் தொகை கூடியிருக்கும். அதிலும் கடை டெக்சாஸில், வீடு நியூ ஜெர்சியில் என்றால், "வேறு மாநிலக் கடைக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு வெட் கிரைண்டரை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். விலை 200 டாலர், ஷிப்பிங் 20 டாலர்.

படி 1: பொருள் எங்கே வந்து இறங்குகிறது என்று பாருங்கள்

வேறு மாநிலத்திலிருந்து வரும் பொருளுக்குக் கடை இருக்கும் ஊரின் வரி இல்லை, பொருள் வந்து சேரும் ஊரின் வரிதான். நீங்கள் கொடுக்கும் டெலிவரி முகவரிதான் வரியை முடிவு செய்கிறது.

அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான விற்பனை வரி என்று ஒன்று கிடையாது. மாநிலம் ஒரு பங்கு போடும், அதன் மேல் கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நகரமும் தங்கள் பங்கைச் சேர்க்கும். இப்படி வரி விதிக்கும் அமைப்புகள் நாடு முழுக்க 10,000-க்கும் மேல். நியூ ஜெர்சியில் பெரும்பாலும் எங்கே போனாலும் 6.625 சதவீதம். பென்சில்வேனியாவில் 6, ஆனால் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் 8. டெக்சாஸில் மாநில வரி 6.25, உள்ளூர் வரி சேர்ந்து 8.25 வரை போகலாம். நியூயார்க் நகரத்தில் 8.875. ஒரே ஜிப் கோடுக்குள் இரண்டு ஊர் எல்லைகள் வருவதும் உண்டு. அதனால் விகிதம் தேடும்போது உங்கள் மாநில வருவாய்த் துறையின் இணையதளத்தில் தெருப் பெயரோடு முழு முகவரியையும் கொடுத்துத் தேடுங்கள்.

ஒரேகான், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர், அலாஸ்கா ஆகிய ஐந்திலும் மாநில விற்பனை வரி கிடையாது. அலாஸ்காவில் மட்டும் சில ஊர்கள் தாங்களாகவே வசூலிக்கின்றன.

படி 2: அந்தக் கடை வசூலிக்க வேண்டிய கடையா என்று பாருங்கள்

இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1992-இல் குவில் நிறுவனத்துக்கும் நார்த் டகோட்டாவுக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத வியாபாரியை அந்த மாநிலத்துக்காக வரி வசூலிக்கச் சொல்ல முடியாது. ஆன்லைன் கடைகள் வளர்ந்த காலம் முழுக்க இந்தக் கோடுதான் நின்றது. தெருமுனைக் கடைக்காரர் வரி சேர்த்து விற்க, வெளிமாநில இணையக் கடை வரி சேர்க்காமல் விற்றது.

வருமான வரியே இல்லாத சவுத் டகோட்டா, விற்பனை வரியை நம்பித்தான் இருக்கிறது. அது ஒரு சட்டம் போட்டது: எங்கள் மாநிலத்தில் ஆண்டுக்கு 100,000 டாலருக்கு மேல் விற்றாலோ, 200 ஆர்டர்கள் வந்தாலோ, கடை எங்கே இருந்தாலும் வரி வசூலித்துத் தர வேண்டும். வேஃபேர் உள்ளிட்ட ஆன்லைன் நிறுவனங்களோடு வழக்கு நடந்து, 2018 ஜூன் 21-இல் அதே உச்ச நீதிமன்றத்தில் 5 நீதிபதிகளுக்கு 4 என்ற கணக்கில் சவுத் டகோட்டா வென்றது. மற்ற மாநிலங்களும் வரிசையாகச் சட்டம் போட்டன. ஃப்ளோரிடா 2021 ஜூலையில் சேர்ந்தது, மிசௌரி 2023 ஜனவரியில்.

இந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். வாடகை கொடுத்து, ஆள் வைத்து, வரியும் வசூலிக்கும் உள்ளூர்க் கடை, வரி வசூலிக்காத கடையோடு போட்டி போட்டது நியாயமில்லை. ஆனால் வாங்குபவருக்கு விலை ஏறியது என்பதும் உண்மை. முன்பு வெளிமாநிலக் கடையில் தானாகவே கிடைத்த ஆறேழு சதவீத மிச்சம் இப்போது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

எல்லாக் கடைகளும் வசூலிக்க வேண்டும் என்றில்லை. எல்லைத் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அது 500,000 டாலர். அதற்குக் கீழே விற்கும் வெளிமாநிலச் சிறு வியாபாரி சொந்த இணையதளத்தில் விற்றால் வரி சேர்க்காமல் இருக்கலாம். அதே வியாபாரி அமேசான், எட்ஸி மாதிரிப் பொதுச் சந்தையில் விற்றால், அந்தத் தளமே உங்களிடம் வரி வசூலித்து மாநிலத்துக்குக் கட்டிவிடும்.

படி 3: அந்தப் பொருளுக்கு வரி உண்டா?

பலர் தவறவிடும் இடம் இது. நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் சாதாரண உடைகளுக்கு வரி இல்லை. நியூயார்க்கில் 110 டாலருக்குக் குறைவான உடைக்கு மாநில வரி கிடையாது. நியூ ஜெர்சியில் அரிசி பருப்புக்கு வரி இல்லை, மிட்டாய்க்கும் குளிர்பானத்துக்கும் உண்டு.

ஒருமுறை சிறிய இணையக் கடை ஒன்றில் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கினேன். பில்லில் நியூ ஜெர்சி வரி என்று 6.625 சதவீதம் சேர்த்திருந்தார்கள். உடைக்கு இங்கே வரி இல்லை என்று எழுதி, மாநில வரித் துறைப் பக்கத்தின் இணைப்பையும் அனுப்பினேன். பணம் திரும்பி வந்தது. கூடுதலாகப் பிடித்தால் முதலில் கடையிடம்தான் கேட்க வேண்டும். ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வாக்கியம் எழுதினால் போதும்.

படி 4: கணக்குப் போடுங்கள்

நம் கிரைண்டருக்கு வருவோம். ஷிப்பிங்குக்கு வரி உண்டா என்பதும் மாநிலத்தைப் பொறுத்தது. நியூ ஜெர்சி, டெக்சாஸ், பென்சில்வேனியாவில் பொருளுக்கு வரி உண்டென்றால் ஷிப்பிங்குக்கும் உண்டு. நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்கு வரவழைத்தால் 220 டாலருக்கு 6.625 சதவீதம், அதாவது 14.58 டாலர் வரி. ஃபிலடெல்ஃபியாவில் 17.60. டெக்சாஸில் 8.25 சதவீதம் உள்ள ஊர் என்றால் 18.15. டெலவேரில் ஒன்றும் இல்லை.

கடை தானே தரும் தள்ளுபடியைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகைக்குத்தான் வரி. தயாரிப்பு நிறுவனத்தின் கூப்பன் என்றால் பெரும்பாலான மாநிலங்களில் கழிக்கும் முன் இருந்த விலைக்கே வரி. கிஃப்ட் கார்டில் கட்டினாலும் வரி குறையாது.

இரண்டு கடைகளை ஒப்பிடும்போது முதல் பக்கத்து விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டிலும் முகவரி கொடுத்து, வரியும் ஷிப்பிங்கும் சேர்ந்த கடைசித் தொகையைப் பாருங்கள். சரி, கொலராடோவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: வரி உள்ள பொருள் வண்டியில் வீட்டுக்கு வந்தால் ஆர்டருக்கு இத்தனை சென்ட் என்று தனியாக ஒரு டெலிவரிக் கட்டணம் இருக்கும். அது வரி விகிதத்தில் சேராது.

படி 5: கடை வரி வசூலிக்கவில்லையா? குறித்து வையுங்கள்

கடை வரி சேர்க்கவில்லை என்றால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. விற்பனை வரி உள்ள மாநிலங்களில் யூஸ் டாக்ஸ் என்று ஒரு இரட்டைப் பிள்ளை உண்டு. அதே பொருள், அதே விகிதம், கட்ட வேண்டியவர் மட்டும் நீங்கள். 2018-க்கு முன்பும் இது இருந்தது, பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நியூ ஜெர்சியிலிருந்து பாலம் தாண்டி டெலவேர் போய் லேப்டாப் வாங்கி வந்தாலும் சட்டப்படி இது உண்டு.

சென்னைக் கடையின் தளத்தில் பட்டுப்புடவை வாங்கினாலும் இதே கேள்வி வரும். கலிஃபோர்னியாவில் இருப்பவர் யூஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். நியூ ஜெர்சியில் புடவை உடையாக இருப்பதால் இல்லை. சுங்க வரி இதில் சேராது, அது தனி.

வேறு மாநிலத்தில் ஏற்கெனவே வரி கட்டியிருந்தால் பொதுவாக வித்தியாசம் மட்டும்தான். நியூ ஜெர்சியில் 6.625 கட்டிய பொருளை நியூயார்க் நகர வீட்டுக்குக் கொண்டு போனால் மீதி 2.25 சதவீதம்.

கட்டுவது எளிது. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, பென்சில்வேனியா ஆகியவற்றின் வருமான வரிப் படிவத்திலேயே இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பில் இல்லாத சின்னச் சின்ன வாங்கல்களுக்கு நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் வருமானத்தை வைத்து ஓர் உத்தேச அட்டவணை தருகின்றன. 1,000 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள பொருளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள். வரி சேர்க்காத ஆர்டர் வரும்போதெல்லாம் அந்த மின்னஞ்சலைத் தனி ஃபோல்டரில் போட்டு வைத்தால், படிவம் நிரப்பும்போது தேட வேண்டாம்.

அப்புறம், கிரைண்டர் பிடிக்காமல் திருப்பி அனுப்பினால், 200 டாலர் வந்ததும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஷிப்பிங் தொகையைக் கடை வைத்துக்கொண்டாலும், எடிசன் கணக்கில் பொருளுக்கான வரி 13.25 டாலர் சேர்ந்து வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கேளுங்கள்.